தீயா, குதிரையா: 1597இல் கொரியா எதைத் தேர்ந்திருக்க வேண்டும்?

1592 மே 23 அன்று ஜப்பானியக் கப்பல்கள் பூசான் துறைமுகத்தை நோக்கி வந்தபோது, அவற்றை முதலில் பார்த்தவர்களில் காதொக் தீவின் குன்றில் காவல் இருந்த, தீ மூட்டி எச்சரிக்கும் தீமேடைக்காரர்களும் உண்டு. பார்த்தார்கள், எண்ணினார்கள், தொண்ணூறுக்கு மேல் வருகின்றன என்று மேலே சொல்லி அனுப்பினார்கள். ஆக, காவல் தூங்கவில்லை. ஆனாலும் சியோலில் இருந்த அரசவைக்கு விஷயம் தெரிய நான்கு நாள் ஆயிற்று. தெரிவித்ததும் தீ அல்ல. கியோங்சாங் மாகாணக் கடற்படைத் தளபதிகளில் ஒருவரான பாக் ஹோங் எழுதிய கடிதம். அதற்குள் பூசான் கோட்டையும் பக்கத்துத் தொங்நே கோட்டையும் விழுந்துவிட்டன. மூன்று வாரத்துக்குள் தலைநகரமும் போனது.

ஐந்து வருடம் கழித்து ஜப்பான் மறுபடியும் படையெடுத்தது. அந்த 1597ஆம் ஆண்டில் ஹான் ஜுன் கியோம் என்ற அதிகாரி ஒரு யோசனை சொன்னார். உதவிக்கு வந்திருந்த மிங் சீனப் படை தன் செய்திகளுக்காக, நிலையம் நிலையமாக ஆள் மாறிக் கடிதம் கொண்டுபோகும் ஓட்டத் தபால் நடத்துகிறது, அதே மாதிரி நாமும் அமைப்போம் என்றார். அரசவை ஏற்றுக்கொண்டது. பாபால் என்று அதற்குப் பெயர். அதுவரை எல்லை எச்சரிக்கைக்கு நாடு நம்பியிருந்தது போங்சு என்ற தீமேடைச் சங்கிலியை.

அன்று கொரியாவை ஆண்ட ஜோசோன் அரசு பழையதைக் கைவிடவில்லை, புதியதை அதன் பக்கத்தில் வைத்தது. ஆனால் ஆளும் குதிரையும் தானியமும் தட்டுப்பட்ட போர்க்காலம் அது. எதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற முடிவை எடுத்தே ஆக வேண்டியிருந்தது. அந்த முடிவில் பாதி சரி, பாதி தவறு என்பது என் எண்ணம். ஏன் என்று பார்ப்பதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எச்சரிக்கைக்கு இரண்டு வேலை உண்டு. பக்கத்து ஊரையும் பக்கத்துத் துறைமுகத்தையும் எழுப்புவது ஒன்று. தூரத்தில் இருந்து முடிவெடுப்பவருக்கு விவரம் சொல்வது இன்னொன்று. முதல் வேலைக்கு வேகம் வேண்டும். இரண்டாவதற்கு எத்தனை, எங்கே, எந்தப் பக்கம் என்ற தகவல் வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் எந்த அமைப்பும் மோசமாகத்தான் தெரியும்.

தீமேடைச் சங்கிலி

போங்சு என்பது குன்றின் மேல் யாரோ விறகைக் குவித்துக் கொளுத்திய ஏற்பாடு இல்லை. மன்னர் செஜோங் ஆட்சிக்கு வந்த அடுத்த வருடமே, 1419இல், அதற்குத் தெளிவான விதி வகுத்தார்கள். பகலில் புகை, இரவில் தீ. கடலோர மேடைகளுக்கு ஐந்து நிலைகள்: ஒன்றும் இல்லையென்றால் ஒரு தீ, கடலில் ஜப்பானியக் கப்பல் தென்பட்டால் இரண்டு, கரையை நெருங்கினால் மூன்று, நம் கப்பல்களோடு சண்டை மூண்டால் நான்கு, எதிரி தரையில் இறங்கிவிட்டால் ஐந்து. வடகிழக்கு எல்லையிலிருந்து ஒன்று, தென்கிழக்கில் தொங்நே பக்கமிருந்து ஒன்று, வடமேற்கிலிருந்து இரண்டு, தென்மேற்கில் சுன்சோன் கரையிலிருந்து ஒன்று என ஐந்து பாதைகளும் சியோலின் நாம்சான் மலையில் வந்து முடிந்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த முதல் தீ. ஆபத்து இல்லாத நாளிலும் ஒன்று எரிந்தாக வேண்டும். ஒவ்வொரு நாளும் எல்லையில் தொடங்கி மேடை மேடையாகத் தலைநகர் வரை வர வேண்டும். அது வந்தால் எல்லை அமைதி என்று பொருள். கூடவே, வழியில் உள்ள அத்தனை மேடையிலும் ஆள் இருக்கிறான், விறகு இருக்கிறது, கண் விழித்திருக்கிறது என்றும் பொருள். வராவிட்டால் எங்கேயோ சங்கிலி அறுந்திருக்கிறது என்று அன்றே தெரிந்துவிடும். அமைதியையே செய்தியாக்கி, அதை வைத்து அமைப்பை நாள்தோறும் சோதித்துக்கொண்ட ஏற்பாடு இது. அதே காலத்து ஐரோப்பாவில் இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் இந்தச் சோதனை, பார்ப்பவன் உண்மையாகப் பார்க்கும் வரைக்கும்தான் சோதனை. முந்தைய மேடையைக் கவனிக்காமல் வழக்கப்படி ஒரு தீயை ஏற்றிவிட்டுப் படுக்கப் போகும் காவலன் ஒருவன் இருந்தால் போதும், சங்கிலி அறுந்ததும் தெரியாது, அமைதி பொய்யானதும் தெரியாது. அப்படி ஆவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. தீமேடைக் காவலர்கள் சட்டத்தில் சுதந்திரக் குடிகள். ஊரார் பார்வையிலோ இழிவான வேலை செய்பவர்கள். மலையுச்சியில் குளிர், காற்று, தனிமை. தவறு நடந்தால் அடி, தவறே இல்லாமல் வருடங்கள் கழிந்தால் யாருக்கும் அவர்கள் நினைவே இல்லை. பலர் ஓடிப்போனார்கள். 1592க்கு முன்பே பல மேடைகள் பேருக்குத்தான் இருந்தன.

அடுத்தது கணக்கு. ஒரு பாதையில் நாற்பது மேடை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாக வேலை செய்கிறது. அருமையான ஒழுங்கு அல்லவா? ஆனால் நாற்பதையும் கோத்துப் பார்த்தால் செய்தி தலைநகரை அடைவது நூற்றுக்கு 67 தடவைதான். மேடைக்கு நூற்றில் ஐந்து தடவை பிசகினால், நாற்பதையும் தாண்டிப் போய்ச் சேருவது 13 தடவை. நான்கு மேடை தூரத்துக்கு மட்டும் அதே கணக்கைப் போட்டால் 81 தடவை சேர்ந்துவிடும். தீ கிட்டத்துக்கு நம்பகமானது, தூரத்துக்கு நம்ப முடியாதது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மூடுபனிக்கும் விதி இருந்தது. மேகம் மூடி அடுத்த மேடை தெரியாவிட்டால் காவலன் அங்கே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். அதாவது தீச்சங்கிலிக்குள்ளேயே ஓர் ஓட்டத் தபால் ஒளிந்திருந்தது, அதுவும் மோசமான தபால். சாலையில் ஓடுபவன் சமதளத்தில் ஓடுகிறான். இவனோ உச்சியிலிருந்து இறங்கி, பள்ளத்தாக்கைக் கடந்து, அடுத்த உச்சிக்கு ஏற வேண்டும்.

இங்கிலாந்து இதை எப்படிச் சமாளித்தது

இதே காலத்தில் இங்கிலாந்தின் தென்கரையும் தீயை நம்பித்தான் இருந்தது. உயரமான கம்பத்தின் உச்சியில் இரும்புக் கூடையோ தார்ச்சட்டியோ இருக்கும். கரையோரத்தில் பல இடங்களில் மூன்று மூன்றாக நிற்கும், உள்நாட்டில் எண்ணிக்கை குறையும். கென்ட் மாவட்டத்தின் தீக்கம்பங்கள் எது எதைப் பார்த்து நிற்கிறது என்று வில்லியம் லாம்பார்ட் 1580களில் கோடு போட்டு வரைபடமே தயாரித்தார். காவலர் ஒதுங்க ஒரு குடில் உண்டு. ஆனால் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள் என்று அதில் இருக்கை வைக்காமல், நின்றபடி கம்பத்தைப் பார்க்க ஓர் ஓட்டை மட்டும் விடச் சொன்ன உத்தரவுகள் இருந்தன. அதிகாரிகள் எதை நினைத்துப் பயந்தார்கள் என்பது அந்தக் குடிலைப் பார்த்தாலே புரிகிறது.

அவர்களுடைய இன்னொரு பயம் பொய் எச்சரிக்கை. அறுவடைக் காலத்தில் ஆயிரக்கணக்கான ஆட்களைக் கூப்பிட்டுவிட்டு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் புலி வருது கதைதான்; மறுமுறை யாரும் வரமாட்டார்கள். அதனால் உள்ளூர் நீதிபதியின் ஒப்புதல் இல்லாமல் கொளுத்தக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். இது வேகத்தைக் குறைக்கும், ஆனால் நம்பிக்கையைக் காக்கும். அந்த விலை கொடுக்கத் தக்கதுதான் என்று நினைக்கிறேன்.

1588இல் ஸ்பெயினின் பெரும் கப்பற்படை வந்தபோது தீக்கம்பங்கள் எரிந்தன, கரையோர மாவட்டங்கள் எழுந்தன. தீயின் பெருமை அது, மறுக்க முடியாது. ஆனால் பிளிமத் துறைமுகத்தில் இருந்த கடற்படைத் தலைவர் ஹோவர்டுக்கு, பழைய நாட்காட்டிப்படி ஜூலை 19 அன்று, லிசார்டு முனைக்கு அருகே ஸ்பானியர்களைக் கண்டோம் என்ற செய்தி கப்பல் வழியாகத்தான் வந்தது. கொண்டுவந்தவர் காவல் கப்பலின் தலைவர் தாமஸ் பிளெமிங். அதன் பிறகு ஒரு வாரத்துக்கும் மேலாக அந்தப் படை ஆங்கிலக் கால்வாய் வழியே கிழக்கே நகர்ந்தது. எந்தத் துறைமுகத்தில் இறங்கப் போகிறது என்று எந்தத் தீயாலும் சொல்ல முடியவில்லை. கடிதங்களும் குதிரைக்காரர்களும்தான் சொன்னார்கள்.

தீ பேசுவதில்லை என்பதற்கு இன்னும் தெளிவான சாட்சி பின்னால் கிடைத்தது. 1804 ஜனவரி 31 இரவு, நெப்போலியன் படையெடுப்பான் என்று ஸ்காட்லாந்தின் எல்லைப்புறம் பயந்துகொண்டிருந்த சமயம். ஹியூம் கோட்டையில் காவல் இருந்த சார்ஜென்ட் ஒருவர், தூரத்துக் குன்றில் கரி சுடுபவர்கள் மூட்டிய தீயை எச்சரிக்கை என்று எண்ணித் தன் தீயை ஏற்றிவிட்டார். அடுத்தடுத்த குன்றுகளும் எரிந்தன. மூவாயிரம் தன்னார்வப் படையினர் திரண்டுவிட்டார்கள். கடலோரத்தில் செயின்ட் ஆப்ஸ் முனையில் இருந்த காவலர் மட்டும் ஏற்றவில்லை. உண்மையாகவே பிரெஞ்சுக்காரர்கள் வந்திருந்தால் செய்தி கரையோரமாக வந்திருக்க வேண்டும், உள்நாட்டிலிருந்து வந்தால் சந்தேகம்தான் என்று அவர் யோசித்தார். அவருடைய அந்த யோசனைதான் அந்தப் பக்கம் பரவாமல் நிறுத்தியது. பாராட்ட வேண்டியதுதான், ஆனால் ஓர் அமைப்பு அப்படிப்பட்ட ஆளைத் தேடித்தான் நிற்க வேண்டும் என்றால் அது ஓட்டை உள்ள அமைப்பு.

ஓட்டத் தபால்

பாபால் இரண்டு வகை. குதிரைத் தபாலுக்கு 25 ரி தூரத்துக்கு ஒரு நிலையம். ஒரு ரி ஏறத்தாழ 400 மீட்டர், ஆக சுமார் 10 கிலோமீட்டர். ஒரு தலைவன், ஐந்து ஓட்டக்காரர்கள், ஓர் எழுத்தர், ஐந்து குதிரைகள். கால் தபாலுக்கு 30 ரிக்கு ஒரு நிலையம், ஒரு தலைவனும் இரண்டு ஓட்டக்காரர்களும். கடிதத்தை உறையிலிட்டு முத்திரை வைத்துத் தோல் பையில் போடுவார்கள். பையில் மணி கட்டியிருக்கும். மூன்று மணி என்றால் மிக அவசரம், இரண்டு என்றால் அதற்கு அடுத்தது, ஒன்று சாதாரண அவசரம்.

கடிதத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு 1592லேயே உதாரணம் இருக்கிறது. யோசுவில் இருந்த கடற்படைத் தளபதி யி சுன் சின் தன் நாட்குறிப்பில் எழுதுகிறார்: எதிரி வந்த மூன்றாம் நாள் மாலை, அடுத்த மாகாணத் தளபதி வொன் கியூனிடமிருந்து தொண்ணூறுக்கு மேற்பட்ட கப்பல்கள் என்று கடிதம், பாக் ஹோங்கிடமிருந்து முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்டவை பூசானுக்கு எதிர்க்கரை வந்துவிட்டன என்று இன்னொரு கடிதம். தீயின் மொழியில் இரண்டும் ஒன்றுதான். எண்ணிக்கை நான்கு மடங்கானதை எந்தத் தீயும் சொல்லியிருக்காது. இதே யி சுன் சின் அந்தக் கோடையில் ஹான்சான் தீவருகே பெற்ற பெரிய வெற்றிக்கு முந்தின நாள், கிம் சோன் சோன் என்ற மேய்ப்பர் ஓடிவந்து, எழுபதுக்கு மேற்பட்ட எதிரிக் கப்பல்கள் கியோன்நேரியாங் நீரிணையில் நிற்கின்றன என்றார். இடம், எண்ணிக்கை இரண்டும் சரி. அதை வைத்துத்தான் மறுநாள் பொறி வைக்க முடிந்தது.

ஆள் செலவிலும் தபால் தோற்கவில்லை. தீ மலிவு என்று பொதுவாக நினைப்போம். 1485இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தொகுப்பின்படி உள்நாட்டு மேடைக்கே ஆறு காவலரும் இரண்டு மேற்பார்வையாளரும் வேண்டும். கடலோர மேடைக்குப் பத்தும் இரண்டும். நாற்பது மேடைக்கு எட்டுப் பேர் என்றாலே 320 பேர். சியோலிலிருந்து தொங்நே வரை 920 ரி தென்பாதைக்கு அமைத்த கால் தபாலில் 31 நிலையங்கள், ஆக 93 பேர். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. முதலாவது, வேகம். தெளிவான இரவில் தீயோடு எந்தக் குதிரையும் போட்டி போட முடியாது. இரண்டாவது, ஓட்டக்காரனைப் பிடிக்கலாம், சாலையை மறிக்கலாம். மலைமேல் எரியும் தீயை மறிப்பது கடினம். மூன்றாவது, அதிகாரிகள். நிலையத்தில் குதிரை நின்றால் சொந்த வேலைக்கு எடுத்துப்போவார்கள், ஓட்டக்காரனைத் தங்கள் மூட்டை தூக்க வைப்பார்கள். இந்தப் புகார் பாபாலைக் கடைசிவரை விடவில்லை. காவலனைக் கவனிக்காத அரசு தீயைக் கெடுத்தது போலவே ஓட்டக்காரனைக் கவனிக்காத அரசு தபாலையும் கெடுத்தது.

மற்ற இரண்டு வழிகள்

காவல் கப்பல்களை முன்னே நிறுத்துவது இங்கிலாந்துக்குக் கை கொடுத்தது, ஏனென்றால் ஸ்பானியப் படை லிஸ்பனிலிருந்து நெடுந்தூரம் வர வேண்டியிருந்தது. ஜப்பானின் சுஷிமா தீவிலிருந்து பூசானுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பினால் மாலையில் கரை. நடுவில் ஒரு காவல் படகு அவர்களைப் பார்த்துத் திரும்பினாலும் சில மணி நேரம்தான் மிச்சம். போர் தொடங்கிய பிறகு எதிரி எங்கே பதுங்குகிறான் என்று அறிய வேவுப் படகு அவசியம். முதல் எச்சரிக்கைக்கு அது பெரிதாக உதவாது.

கல் கோபுரங்கள் மத்தியதரைக் கடலின் விடை. கோர்சிகாவைச் சுற்றி ஜெனோவா ஆட்சியில் எண்பதுக்கு மேல் கட்டினார்கள். மால்டாவில் மார்ட்டின் தெ ரெதின் 1658, 1659இல் பதின்மூன்று கட்டினார், ஒன்றிலிருந்து அடுத்தது தெரியும்படி. ஆள் பிடிக்க வரும் சில கொள்ளைக் கப்பல்களுக்கு எதிராக இது மிக நல்ல ஏற்பாடு. கோபுரத்தில் தீ எரிந்தாலே, பார்த்துவிட்டார்கள் என்று கொள்ளையனுக்குத் தெரிந்துவிடும், பாதி வேலை முடிந்தது. ஆனால் முதல் அலையிலேயே பதினெட்டாயிரத்துக்கு மேல் இறங்கிய படைக்கு நான்கு பேர் இருக்கும் கோபுரம் எம்மாத்திரம்? மதில் சூழ்ந்த பூசான் கோட்டையே ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. கொரியா இந்த வழியில் பணத்தைக் கொட்டாதது சரிதான்.

முடிவு

ஆக, தீயைக் கரையோரத்துக்கும் பக்கத்துக் கடற்படைத் தளங்களுக்கும் வைத்துக்கொண்டு, அதற்கான ஆளையும் விறகையும் அங்கேயே குவித்திருக்க வேண்டும். மூன்று நான்கு மேடை தூரத்தில் இருக்கும் துறைமுகம் கப்பலை அவிழ்க்க அது போதும். தலைநகருக்குத் தபால். அந்த அளவில் 1597இன் முடிவு சரியான திசையில்தான் இருந்தது.

தவறு, குதிரையை எங்கே வைத்தார்கள் என்பதில். சியோலிலிருந்து சீன எல்லையில் உள்ள உய்ஜு வரை போன மேற்குப் பாதைக்குக் குதிரைத் தபால். ஜப்பான் வந்து இறங்கிய தொங்நே பாதைக்குக் கால் தபால். காரணம் புரிகிறது: மேற்குப் பாதைதான் மிங் அரசோடு பேசும் வழி, உதவிப் படை வரும் வழி. போர் நடக்கும்போது அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 1598இல் போர் முடிந்த பிறகும் தென்பாதை காலாலேயே ஓடியது. அங்கும் 25 ரிக்கு ஒன்று என்று குதிரை நிலையம் வைத்திருந்தால் சுமார் 37 நிலையங்கள், 185 குதிரைகள், 259 ஆட்கள். ஒரு நாட்டின் மிகப் பெரிய காயம் வந்த திசைக்கு இது அதிகச் செலவு இல்லை. ஆள்கணக்கில் அதே பாதையின் தீச்சங்கிலியைவிடக் குறைவு.

குதிரை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. 1636 குளிர்காலத்தில் மஞ்சு படை வடமேற்கு எல்லையைக் கடந்து வந்தது. அப்போது எல்லைப் பக்கத்துத் தீமேடையில் இரண்டு தீ எரிந்தது. தலைமைத் தளபதி கிம் ஜா ஜோம், அது மஞ்சுக்களிடம் போன நம் தூதரை அவர்கள் வரவேற்க வந்ததாக இருக்கும் என்று விளக்கம் சொல்லி உடனே மேலே தெரிவிக்கவில்லை என்று அன்றைய பதிவு சொல்கிறது. பிறகு விவரமான செய்தி சியோலை அடைந்தபோது எதிரிக் குதிரைப்படை கிட்டத்தட்டக் கூடவே வந்துவிட்டது. மன்னரால் காங்வா தீவுக்குத் தப்பிக்க முடியவில்லை. இரண்டு தீயை இப்படியும் படிக்கலாம், அப்படியும் படிக்கலாம். எத்தனை குதிரை, எந்த ஆற்றைக் கடந்தது என்று எழுதிய கடிதம் அன்றே தளபதி கைக்கு வந்திருந்தால் அந்த விளக்கத்துக்கு இடம் இருந்திருக்காது. அதனால் இன்னொரு விதியும் சேர்த்திருப்பேன்: இரண்டாவது தீ ஏறிய கணமே, தளபதியின் அனுமதிக்குக் காத்திராமல், பக்கத்துத் தபால் நிலையத்திலிருந்து ஒரு பை நேராகச் சியோலுக்குக் கிளம்ப வேண்டும்.